கரடியின் வம்சாவளி

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவரின் நினைவு வரும். 1901-ம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தாரின் ஊர் அது. எனக்கோ அந்த ஊரை நினைத்தால் முதலில் ஒரு கரடிதான் கண்முன் வந்து நிற்கிறது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கரிசலும் கண்மாயும் உடைமரமுமாகக் கிடக்கும் அந்தப் பூமியில் கரடி ஏது? வித்தைக்காரர் ஒருவர் மூக்கணாங்கயிறு போட்டுக் கூட்டி வந்தார். கோலைத் தட்டினால் அது இரண்டு காலில் நின்று ஆடும். ஆட்டம் முடிந்ததும் அப்பத்தா நாலணாக் கொடுத்து, எனக்குத் தாயத்துக்காகக் கரடி மயிர் கேட்டாள். அவர் விலாவிலிருந்து வெடுக்கென்று நாலைந்து மயிரைப் பிடுங்கினார். கரடி வாயைத் திறந்து முனகியது. மேல் வரிசையில், நடுவே பல் இல்லை.

"பல்லை நீங்களா பிடுங்குனீங்க, அண்ணே?" என்று கேட்டேன்.

"கோரைப் பல்லைத்தான் தம்பி எடுத்தோம். நடுப் பல்லு அதுக்குப் பொறவியிலேயே கெடையாது" என்றார். நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், கரடி என்ன சாதி என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "ஏலே, சாம்பவான் எந்தப் படையில இருந்தாரு? கொரங்குப் படையிலதானே? அப்போ ரெண்டும் ஒரே சாதிதான்டா" என்றாள்.

அப்பத்தாவைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் லண்டனையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1791-ம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்ற பிராணி நூல் பண்டிதர் நம் நாட்டுக் கரடியின் நீண்ட நகத்தையும் பல்லில்லாத இடைவெளியையும் வைத்து, அதைத் தென் அமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக் காலம் தள்ளும் ஸ்லாத் என்ற பிராணியின் இனத்தில் சேர்த்துவிட்டார்! பிறகு தவறு தெரிந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் அதற்கு இன்றும் 'ஸ்லாத் கரடி' என்றே பெயர். நம் அகநானூற்றுப் புலவர்கள் 'எண்கு' என்று சொல்லி, அது புற்றைத் தோண்டுவதையும் இலுப்பைப் பூவைத் தின்பதையும் சரியாகவே பார்த்திருந்தார்கள். வித்தைக்காரர் சொன்னதும் மெய்தான். மேல்வரிசையின் நடுப் பற்கள் இரண்டும் அந்த இனத்துக்கு இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சுகிறது.

பல்லும் நகமும் இப்படி ஏமாற்றுமானால், உறவை எப்படித்தான் அறிவது? இங்கே மறுபடியும் பாண்டித்துரைத் தேவர் வருகிறார். அவருடைய சங்கத்தார் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஏடு எழுதுகிறவரின் கை எங்காவது தவறும். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுகிறவர் அந்தத் தவறையும் சேர்த்து எழுதுவார். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று ஊகிக்கலாம். உயிர்களின் உடலணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற ஏடு இருக்கிறது. அதில் நாலே எழுத்து. தலைமுறைதோறும் அது பிரதியெடுக்கப்படுகிறது, பிழைகளும் சேருகின்றன. அந்தப் பிழைகளை ஒப்பிட்டுத்தான், கரடியா வேறு சாதியா என்று வெகுகாலம் வழக்காடப்பட்ட சீனத்துப் பாண்டாவைக் கரடி வம்சத்தின் மூத்த கிளை என்று 1985-ல் ஓபிரையன் குழுவினர் முடிவு கட்டினார்கள்.

தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் சின்ன ஏடு ஒன்றும் உண்டு. முதலில் அதைத்தான் அதிகமாகப் படித்தார்கள். 2008-ல் வந்த அத்தகைய ஆராய்ச்சி ஒன்று, இன்றுள்ள கரடிகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் குறுகிய காலத்துக்குள் மளமளவென்று கிளை பிரிந்தன என்றது. அந்தத் தாய்வழிக் கணக்கில் இமயமலைப் பக்கத்துக் கருங்கரடியும் அமெரிக்கக் கருங்கரடியும் உடன்பிறப்புக்கள். ஆனால் முழு ஏட்டையும் விரித்தபோது வேறு கதை வந்தது. 2017-ல் விகாஸ் குமார், ஆக்ஸல் ஜாங்கே முதலியோர் எட்டு வகைக் கரடிகளின் ஏடுகளையும் 18,621 துண்டுகளாக வைத்து ஒப்பிட்டார்கள். அமெரிக்கக் கருங்கரடி, பழுப்புக் கரடிக்கும் பனிக்கரடிக்கும் பங்காளியாகிவிட்டது. அந்த மூன்றின் மூதாதையோடு ஆசியக் கருங்கரடி தாராளமாகக் கலந்திருந்ததும் தெரிந்தது. ஒரு பிரதியைப் பார்த்து எழுதிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பிரதியிலிருந்தும் நாலு வரி சேர்த்துக் கொண்ட ஏடு மாதிரி!

இது பழங்கதை மட்டுமல்ல. 2006-ல் கானடாவின் வடகோடியில் சுடப்பட்ட ஒரு கரடிக்குத் தாய் பனிக்கரடி, தகப்பன் பழுப்புக் கரடி. எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைப் பெயரை மூச்சு விடாமல் ஒப்பித்து, ஒரு சொட்டுக் கலப்பில்லை என்று மீசையைத் தடவுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. இதுவரை தைரியம் வரவில்லை.

அந்தத் தாயத்து இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மயிர்த்தண்டில் தாய்வழி ஏடு இருக்கும்; வேரோடு பிடுங்கிய மயிரென்றால் முழு ஏடும் கிடைக்கலாம் என்கிறார்கள். வித்தைக்கென்று குட்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் தாயைக் கொன்றுவிட்டுத்தான் பிடிப்பார்களாம். 1972-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் மெல்ல மெல்ல மறைந்தது. அந்தக் கரடி எந்த மலையில் பிறந்தது என்று கேட்டு, மயிரை ஓர் ஆராய்ச்சிசாலைக்கு அனுப்பலாமா என்று சென்ற மாதம் யோசித்தேன். கத்தியை எடுத்துத் தாயத்தின் மூடியை நெம்பவும் போனேன். அப்பத்தா உருக்கி ஊற்றிய அரக்கு கெட்டியாக இருந்தது. திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.