மூன்று தடைகளும் ஒரு வானொலிப் பெட்டியும்

அரசர்களின் முடிசூட்டு விழாக்களையும் படைகளின் போக்குவரத்தையும் தேதி பிசகாமல் எழுதிவைக்கும் சரித்திர ஆசிரியர்கள், ஒரு சிற்றூரின் ஜனங்கள் மாலை வேளையில் எந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள், எந்தப் பாட்டைக் கேட்பதற்காக அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு வந்து நின்றார்கள், அந்தப் பாட்டு நடுவில் அறுந்துபோகாமல் இருக்க என்னென்ன உபாயங்களைக் கைக்கொண்டார்கள் என்பவற்றை எழுதிவைப்பது மிகவும் அபூர்வம். வட இலங்கையின் வன்னிப் பகுதியில், பரந்தனையும் முல்லைத்தீவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த புதுக்குடியிருப்பு என்னும் ஊரின் பெயரை வெளியுலகம் பெரும்பாலும் 2009 ஆம் ஆண்டின் போர்ச் செய்திகளிலேதான் கேட்டது. அதற்கு முந்திய அரை நூற்றாண்டு காலத்தில் அவ்வூராரும் அவர்களைச் சூழ்ந்த வன்னி மக்களும் வெளியுலகத்தை எவ்வாறு கேட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம். அதை ஆராயப் புகும்போது விநோதமான ஓர் உண்மை புலப்படுகிறது: தில்லியில் ஒன்றும் கொழும்பில் இரண்டுமாக, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களோடு பிறப்பிக்கப்பட்ட மூன்று தடைகள் வன்னியின் வானொலிப் பெட்டியிலே வந்து சந்தித்தன; அம்மூன்றும் அந்தப் பெட்டியை மக்களுக்கு மேன்மேலும் நெருக்கமாக்கிவிட்டுப் போயின.

இலங்கை வானொலியின் பிறப்பிலேயே ஒரு போரின் அடையாளம் இருக்கிறது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர், கைப்பற்றப்பட்ட ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பு நடத்தியபின், 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது கூட்டுப் படையினரின் பொழுதுபோக்குக்காகக் கொழும்பில் இயங்கிய ரேடியோ சியாக் நிலையத்தின் பேராற்றல் வாய்ந்த பரப்பியும் போர் ஓய்ந்தபின் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கடல் கடந்து இந்திய உபகண்டம் முழுவதும் கேட்கத்தக்க அந்த வலிமையை வைத்துக்கொண்டு, 1950 செப்டெம்பர் 30 இல் வர்த்தக சேவை தொடங்கப்பட்டது.

அக்காலத்துப் புதுக்குடியிருப்பு வயலும் காடும் குளமும் சூழ்ந்த ஓர் ஊர். மின்கம்பி எட்டாத வன்னிக் கிராமங்களில் வால்வுப் பெட்டி ஒன்றை இயக்குவதென்றால் மோட்டார் காரின் பற்றறி வேண்டும். அதற்கு மின்னேற்றுவதற்காகப் பட்டினத்துக்குக் கொண்டுபோய் வரவேண்டும். தபாற் கந்தோரில் அனுமதிப் பத்திரமும் எடுக்கவேண்டும். இத்தனை பிரயாசைக்கும் பணவசதி உள்ள வீடுகள் சொற்பமாகையால், பெட்டி இருந்த வீட்டின் முற்றமே அயலாருக்கெல்லாம் சபையாயிற்று. வானொலியைக் கூட்டமாகக் கேட்கும் வழக்கம் அன்றைக்கே தொடங்கியது. கூத்து மேடையைச் சுற்றி இரவெல்லாம் பாய்விரித்து அமர்ந்து காத்தவராயன் கதையும் கோவலன் கதையும் கண்டு வளர்ந்த மக்களுக்கு, ஒரு குரலைப் பலர் கூடி அனுபவிப்பது புதிய பழக்கமன்று.

முதலாவது தடை தில்லியிலிருந்து வந்தது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். சினிமாப் பாட்டுக்கள் ஜனங்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தார். கொழும்பு அதே பாட்டுக்களை இரு கை நீட்டி வரவேற்றது. இந்தியில் அமீன் சயானியின் குரலில் ஒலித்த பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சி வட இந்தியாவையே தன்பால் இழுத்தது; தமிழில் எஸ்.பி. மயில்வாகனம் முதலானோரின் குரல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தஞ்சையிலும் மதுரையிலும் வீடுவீடாக நுழைந்தன. தில்லி தன் தவற்றை உணர்ந்து 1957 அக்டோபர் 3 இல் சினிமாப் பாட்டுக்களுக்கு இடமளிக்கும் விவித பாரதியைத் தொடங்கியபோது, இலங்கை வானொலி நேயர்களின் நெஞ்சில் வேர்விட்டுவிட்டது. கேஸ்கரின் சங்கீத ஞானத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் மக்கள் எதைக் கேட்டு மகிழவேண்டும் என்று மேலிருந்து விதிக்க முற்பட்டது பெரும் பிழை என்றே கருதுகிறேன். அந்தப் பிழையின் பயனாக, சென்னைக் கலைக்கூடங்களில் பதிவான பாட்டுக்களைச் சென்னை வானொலியைக் காட்டிலும் தாராளமாக வன்னிக் காட்டோர ஊர் கேட்டது.

அந்த நாட்களின் நிகழ்ச்சிகளைச் சொன்னாலே முதியவர்களின் முகம் மலர்வதைக் காணலாம். காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு நேயர் விருப்பம், இசையும் கதையும், சிறுவர்களுக்கான பிறந்தநாள் வாழ்த்து, கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிந்த உச்சரிப்பு, பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு. விருப்பப் பாட்டுக்காகத் தபாலட்டை எழுதிப் போட்டவர்கள், தம் பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்படும் நாளை எதிர்பார்த்து வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். தேசப்படத்தில் தேடிப் பிடிக்கவேண்டிய ஓர் ஊரின் பெயர், பட்டினங்களின் பெயர்களோடு சரிசமமாக வானத்தில் ஒலிக்கும் அந்தக் கணத்துக்கு ஈடான கௌரவம் வேறெதுவும் அவர்களுக்கு அன்று கிடைத்ததாக நான் அறியேன்.

மற்றொரு வழக்கம் பிறநாட்டாருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல்கள் வாசிக்கப்படும். இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், கணவன் அல்லது மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர்கள் என்று உறவுகளெல்லாம் வரிசையாகச் சொல்லப்பட்டு, ஈமக்கிரியை நடக்கும் நேரமும் இடமும் அறிவிக்கப்பட்டு, உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடியும். தந்தி தாமதிக்கும், கடிதம் பிந்தும், பஸ் எப்போதாவதுதான் வரும் என்றிருந்த பிரதேசத்தில், கொழும்பிலோ மலைநாட்டிலோ காலமான ஒருவரின் செய்தி அன்றே ஊர்வந்து சேர்வதற்கு இதைவிட உகந்த சாதனம் இருக்கவில்லை. ஆகையால் அந்த நேரத்தில் பெட்டியருகே பேச்சு அடங்கிவிடும். உறவுமுறைகளைக் காதால் கேட்டே ஒரு குடும்பத்தின் கிளைகளையெல்லாம் சொல்லவல்ல மூதாட்டிகள் அந்த அறிவித்தல்களால் உருவானார்கள்.

இரண்டாவது தடை 1970 முதல் 1977 வரை ஆட்சிசெய்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இறக்குமதிகளுக்கு விதித்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமற் போகவே, வடபகுதிக் கமக்காரனின் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் என்றுமில்லாத விலை கிடைத்தது. புதுக்குடியிருப்புக்கு மேற்கே விசுவமடு முதலிய இடங்களில் காடுவெட்டிக் குடியேறிய படித்த வாலிபர்கள், கிணறு தோண்டி, இயந்திரத்தால் நீரிறைத்து, மிளகாய்த் தோட்டத்தில் பணம் கண்டார்கள். அந்தப் பணம் கண்ட கையில் முதலில் ஏறிய பொருட்களுள் திரான்சிஸ்டர் வானொலியும் ஒன்று. கார் பற்றறியின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட அந்தச் சின்னப் பெட்டி, முற்றத்தை விட்டுத் தோட்டத்துக்குப் போயிற்று; யானைக்கும் பன்றிக்கும் இரவில் காவலிருக்கும் பரணுக்கும் ஏறிற்று. தனிமையின் அச்சத்தைப் போக்குவதற்குத் தீவறையைப் போலவே பாட்டும் துணை என்பது காவலிருந்தவர்களுக்குத் தெரியும்.

இதே ஆட்சியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் வருந்தியவர்கள் பலர். ஈழத்து எழுத்தும் பாட்டும் நாடகமும் அந்த இடைவெளியில் தலைநிமிர்ந்ததையும் மறுக்க முடியாது. நித்தி கனகரத்தினத்தின் சின்னமாமியே என்ற பொப் பாடலும் ஏ.ஈ. மனோகரனின் சுராங்கனியும் திருமண வீடுகளை ஆட்டிவைத்தன. வானொலியில் பெயர்பெற்ற மரிக்கார் ராம்தாஸ் குழுவினரின் நகைச்சுவை 1976 இல் கோமாளிகள் என்னும் திரைப்படமாகவே வெளிவந்தது. யாழ்ப்பாணத் தமிழும் சிங்களம் கலந்த தமிழும் முஸ்லிம் மக்களின் தமிழும் ஒரே நாடகத்தில் சந்தித்துச் சிரித்துக்கொண்ட அந்தக் காலத்தை நினைக்கும்போது, அரசியல் பிரித்த ஜனங்களை நகைச்சுவை சிறிது காலமாவது ஒரே முற்றத்தில் இருத்தியது என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது தடையே கடுமையானது. 1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டபின், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குச் செல்லும் பொருட்கள்மீது அரசாங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. பெட்ரோல், மண்ணெண்ணெய், சீமெந்து, உரம் என்று நீண்ட அந்தப் பட்டியலில், உள்ளங்கையில் அடங்கும் டோர்ச் பற்றறியும் இருந்தது. 1995 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1996 இலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது, பற்றாக்குறை பலமடங்காயிற்று. வெளிச்சத்துக்கு மக்கள் ஒரு வழி கண்டார்கள்: வெற்று ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்குச் சில கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வில் திரியைச் செருகி ஏற்றினால் ஓர் இரவு படிக்கலாம். பாட்டுக்கும் செய்திக்கும் வழி என்ன?

ஓய்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்துப் பார்த்தார்கள்; சிறிது நேரம் முனகிவிட்டு அவை அடங்கின. பிறகுதான் சைக்கிள் வந்தது. எரிபொருள் இல்லாத நாட்டில் சைக்கிள்தான் பஸ், லொறி, அம்புலன்ஸ் யாவும். அதன் முகப்பு விளக்குக்கு ஒளியூட்டும் டைனமோ இப்போது வானொலிக்கு உயிரூட்டத் தொடங்கியது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆசனமும் கைபிடியும் நிலத்தில் ஊன்ற நிறுத்துவார்கள். பின்சில்லின் டயரில் டைனமோவின் தலை உரசும்படி சாய்த்துவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ தருவது 6 வோல்ற் அளவான, திசைமாறி ஓடும் மின்சாரம். பெட்டிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடுவது. ஆகவே இடையில் டயோட்டுகளையும், துடிப்பை ஆற்றி மின்னோட்டத்தைச் சீராக்கும் கொள்ளளவி ஒன்றையும் பொருத்தவேண்டும். பெரிய கல்லூரிகளின் வாயிலை மிதித்திராத சந்திக்கடைத் திருத்துநர்கள் பழுதாகிப்போன பெட்டிகளின் உடம்பிலிருந்து இவற்றைக் கழற்றிப் பொருத்திக் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் சுற்றுபவரின் சாமர்த்தியமே பிரதானம். மெதுவாகச் சுற்றினால் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தாழும்; ஆவேசமாகச் சுற்றினால் அழுத்தம் கூடிப் பெட்டிக்கே ஆபத்து. பாட்டு முடியும்வரை ஒரே கதியில் கையைச் சுழற்றுவதற்குத் தாளஞானம் போன்ற ஒன்று வேண்டும். சிறுவர்கள் முறைவைத்துச் சுற்றினார்கள். செய்திக்கு நடுவில் ஒருவனுக்குக் கை சோர்ந்தால், சில்லு நிற்குமுன் மற்றொருவன் பெடலைப் பற்றிக்கொள்வான். வன்னியிலிருந்தே ஒலிபரப்பான புலிகளின் குரல், கொழும்பின் செய்தி, லண்டனிலிருந்து இரவில் வரும் பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதில் எவ்வளவு மெய் என்று நிறுத்துப் பார்க்கும் விமர்சகர்களாக, கொட்டில்களில் கூடியிருந்து கேட்டோர் ஆனார்கள். 1941 மே மாதத்தில் லண்டனில் ஆரம்பித்த தமிழோசைக்கு, கைவலிக்கச் சில்லைச் சுற்றிச் செய்தி கேட்ட நேயர்களைவிட உத்தமமான நேயர்கள் எங்கும் வாய்த்திருக்கமாட்டார்கள் என்பது என் துணிபு. செய்தி முடிந்தபின்னும் கையில் வலு மிஞ்சியிருந்தால் ஒரு பழைய சினிமாப் பாட்டையும் கேட்டுவிட்டே எழுந்தார்கள். பஞ்சத்துக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவில் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள், மனிதன் சோற்றினால் மாத்திரம் உயிர்வாழ்பவனல்லன் என்பதை மறந்தவர்கள்.

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பற்றறி கடைக்கு வந்தது. 1998 இல் கொழும்பில் தோன்றியிருந்த சூரியன், சக்தி என்னும் தனியார் பண்பலை நிலையங்கள் புதிய குரல்களையும் புதிய பாட்டுக்களையும் கொண்டுவந்தன. சைக்கிள் மறுபடியும் நிமிர்ந்து நின்று வீதியில் ஓடியது. ஆனால் அமைதி நிலைக்கவில்லை. 2009 இன் முதல் மாதங்களில் போர் புதுக்குடியிருப்பையே வந்து சூழ்ந்தது. ஆஸ்பத்திரியும் எறிகணைக்குத் தப்பவில்லை. ஆனந்தபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கடலை நோக்கி ஒடுங்கிய வழியெங்கும் மக்கள் தங்கள் உடைமைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். போர் முடிந்தபின் அப்பகுதியில் துருவேறிக் குவிந்து கிடந்த வாகனங்களுக்கிடையே ஆயிரக்கணக்கான சைக்கிள்களும் கிடந்தன. பிற்பாடு அவை பழைய இரும்பாக அகற்றப்பட்டன.

தலைகீழாய் நின்று பாடிய சைக்கிள்களில் எத்தனை அந்தக் குவியலில் இருந்தன என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அவற்றைச் சுற்றிய சிறுவர்கள் இன்று நடுவயதை எட்டியவர்கள். சிலர் ஊரிலும், சிலர் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். டயோட்டைப் பொருத்திக் கொடுத்த திருத்துநர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களின் ஞாபகங்களை அவர்களுடைய வாய்மொழியிலேயே பதிவுசெய்வதும், டைனமோவோடு இணைத்த ஒரு வானொலிப் பெட்டியையும் ஒரு ஜாம் போத்தல் விளக்கையும் தேடியெடுத்துப் புதுக்குடியிருப்பின் நூலகத்திலோ பாடசாலை ஒன்றிலோ, அவை இயங்கும் விதத்தைப் பிள்ளைகள் தாமே சுற்றிப் பார்த்து அறியும்படி வைப்பதும், பெரும் பொருட்செலவு வேண்டாத காரியங்கள். இதை வாசிக்கும் வன்னி மக்களே, உங்கள் வீட்டு மூலையில் அப்படி ஒரு பெட்டி இருக்குமானால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், ஊருக்குக் கொடுங்கள்.