உச்சியில் நின்ற பந்து

ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானத்தில் நேர் மேலே உதைத்த பந்து, உச்சியில் ஏறுவதுமின்றி இறங்குவதுமின்றி ஒரு கணம் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். கணிதம் இதனை வகைக்கெழுவால் விளக்கும். உயரம் மாறும் வீதம் நேர்க்குறியாயின் ஏற்றம், எதிர்க்குறியாயின் இறக்கம், சுழியாயின் அங்கே திருப்பம் இருக்கலாம்.

இக்கருத்தின் முளையைப் பாஸ்கராசாரியர் 1150-இல், தமது 36-ஆம் வயதில் இயற்றிய ‘சித்தாந்த சிரோமணி’யில் காண்கிறோம். சந்திரன் என்றும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஆதலின் திதி முடியும் வேளையைக் கணிக்க நாள் முழுவதற்குமான வேகம் போதாது. அக்கணத்து வேகமாகிய ‘தாத்காலிக கதி’ வேண்டும் என்றார் அவர். (பஞ்சாங்கம் புரட்டும் நம்மில் எத்தனை பேர் இதை எண்ணுகிறோம்!) கோளின் சராசரி இடத்துக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள வேற்றுமை மிகப் பெரிதாகுமிடத்தில், வேகத்துக்குரிய திருத்தம் சுழியாகும் என்பதையும் குறித்தார். பந்தின் உச்சியும் அஃதே.

இதனால் நுண்கணிதம் முழுவதையும் அவரே படைத்தார் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. சைனின் மாறுதல் கொசைனைப் பொறுத்தது என்பதை 10-ஆம் நூற்றாண்டிலேயே முஞ்ஜாலர் கையாண்டிருந்தார். பல்வகைச் சார்புகளுக்கும் பொருந்தும் பொது முறையையோ 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் வகுத்தனர்.