தொலைத்தவரும் கண்டெடுத்தவரும்: பினாங்கில் இழந்த பொருளை மீட்டெடுத்த வழிகளின் வரலாறு

துறைமுக நகரத்தில் ஒரு பொருளைத் தவறவிடுபவர், பெரும்பாலும் தம் மொழி பேசாத, தம் தெய்வத்தை வணங்காத, தம் சமூகத் தலைவருக்குக் கட்டுப்படாத ஒருவரிடமே அதை இழக்கிறார். பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய நாள்முதல், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் அத்தகைய நகரமாகவே வளர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்களும், ஹொக்கியன், கந்தோன் மொழிகள் பேசிய சீனரும், கடாரத்து மலாய்க்காரரும், ஆச்சே வணிகரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறிய அவ்வூரில், தொலைத்தவருக்கும் கண்டெடுத்தவருக்கும் இடையே நம்பத்தக்க மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் தேவைப்பட்டார். அந்த இடையாள் சமூகத் தலைவராகவும், சத்தியம் வாங்கும் பள்ளிவாசலாகவும், காவல் நிலையமாகவும் காலந்தோறும் மாறிவந்ததே இக்கட்டுரை பின்தொடரும் வரலாறாகும். திறன்பேசியின் காலத்தில் இடையாளே தேவையற்றுப்போனதாகத் தோன்றினாலும், அவருடைய பழைய வேடங்களில் மிக மோசமான ஒன்று இப்போது திரும்பி வந்திருக்கிறது.

நகரின் தொடக்க ஆண்டுகளில் ஒழுங்கான நீதிமன்றம் இல்லாததால், சிறு வழக்குகளை அந்தந்தச் சமூகத்தின் ‘கப்பித்தான்’ எனப்பட்ட தலைவரே தீர்த்துவைத்தார். தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்த காதர் மைதீன், கப்பித்தான் கெலிங் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டார். அவர் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. அச்சமூகத்தார் அறிந்திருந்த இஸ்லாமியச் சட்டத்தில், கண்டெடுக்கப்பட்ட பொருளுக்கு ‘லுக்தா’ என்ற தனிப் பிரிவே உண்டு. மதிப்புள்ள பொருளை எடுத்தவர் அதன் அடையாளங்களை மனத்தில் இருத்திக்கொண்டு, மக்கள் கூடும் இடங்களில் ஓர் ஆண்டுவரை அறிவிக்கவேண்டும் என்பதும், அடையாளத்தைச் சரியாகச் சொல்பவரிடம் அதை ஒப்படைக்கவேண்டும் என்பதும் அதன் சாரம். பொருளின் முழு அடையாளத்தையும் வெளியே சொல்லாமல், உரிமை கோருபவரைக் கொண்டே சொல்லவைக்கும் இந்த நுட்பம், இன்றைய காவல் நிலையங்களும் கைவிடாத மிகச் சிறந்த சோதனையாகும்.

சட்டத்தோடு நம்பிக்கையும் மீட்புக்குத் துணைநின்றது. தாய்த் தமிழகத்தில் தொலைந்த பொருளுக்காகப் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை, அதாவது அரைக்காசு அம்மனை வேண்டி வெல்லம் நேர்ந்துகொள்வதும், வெற்றிலையில் மை தடவித் திருடனின் உருவத்தைப் பார்க்கச் சொல்வதும் வழக்கமாக இருந்தன. கத்தோலிக்கத் தமிழர் அதற்காகப் புனித அந்தோணியாரை நாடினர். இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சரியாகாது. ஊரார் முன்னிலையில் மை போடப்போவதாக அறிவித்ததுமே, எடுத்தவர் இரவோடிரவாகப் பொருளைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகும் வாய்ப்பை அச்சடங்கு அவருக்கு அளித்தது.

ஆனால் ஒரு சமூகத்தின் சடங்கோ சத்தியமோ இன்னொரு சமூகத்தைக் கட்டுப்படுத்தாது என்பதைப் பினாங்கு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1867ஆம் ஆண்டின் கலவரத்தில் கீ ஹின், தோ பே கோங் என்ற சீன இரகசியச் சங்கங்களும், அவற்றோடு முறையே கூட்டுச் சேர்ந்திருந்த வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற முஸ்லிம் சங்கங்களும் ஏறத்தாழப் பத்து நாள்கள் தெருக்களில் மோதிக்கொண்டன. அதன் உடனடிக் காரணங்களுள் ஒன்றாக, சாயத்தொழிலாளர்களின் துணி திருடுபோனதாக ஒரு தரப்பு மறுதரப்பின்மீது சுமத்திய பழியையும், அதைப் பள்ளிவாசலில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ள முயன்றதையும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பகை ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது என்பது உண்மையே. எனினும் காணாமற்போன சில துணிகள் அதற்குத் தீ வைக்கப் போதுமானவையாக இருந்தன என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்.

சமூகத் தலைவர்களின் இடத்தை அரசு எடுத்துக்கொண்டது படிப்படியாகவே நிகழ்ந்தது. 1807ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாளிட்ட அரச நீதிப் பட்டயம் பினாங்கில் நீதிமன்றத்தை நிறுவியது. மலேசியக் காவல்துறை தன் பிறந்த நாளாக இன்றும் அந்த நாளையே கொண்டாடுகிறது. பட்டயத்தின் வழியே ஆங்கிலச் சட்டம் தீவுக்கு வந்தது. 1871இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கென இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமோ, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றியது. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்ணோடு நிற்கும் 403ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. கண்டெடுத்தவரைப் பற்றி அப்பிரிவின் விளக்கம் கூறுவது மிகுந்த மனிதத்தன்மை உடையது. உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்தவர் குற்றவாளி அல்லர். ஆனால் உரியவர் யார் என்று தெரிந்தபின்னரோ, தெரிந்துகொள்ள வழியிருந்தும் தக்க முயற்சி செய்யாமலோ, நியாயமான காலம்வரை காத்திராமலோ அதைச் சொந்தமாக்கிக்கொள்பவர் குற்றவாளியாகிறார். பெருஞ்சாலையில் கிடந்த ஒற்றை ரூபாயை எடுப்பவரையும், விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து உரியவரைத் தேடாமலே விற்பவரையும் இந்தியச் சட்டத்தின் எடுத்துக்காட்டுகள் தெளிவாக வேறுபடுத்துகின்றன. இந்த அளவுகோலின்படி பார்த்தால், கண்டெடுத்த நேரம்முதல் மணியடித்துத் தன் உரிமையாளரைத் தானே அறிவிக்கும் திறன்பேசியை எடுத்து, அதை அணைத்துவைப்பவருக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

இதே தண்டனைச் சட்டத்தின் 215ஆம் பிரிவு, மீட்டுத் தருவதாகச் சொல்லும் இடையாளைக் குறிவைத்தது. குற்றத்தால் பறிபோன பொருளை மீட்க உதவுவதாகச் சொல்லிக் கைக்கூலி வாங்குபவர், குற்றவாளியைப் பிடித்துத் தண்டிக்கவைப்பதற்குத் தம்மால் இயன்றதை எல்லாம் செய்யாவிட்டால், அவரே தண்டனைக்கு உரியவர் என்று அது கூறியது. இதன் பின்னே இலண்டனின் கசப்பான அனுபவம் இருந்தது. ஜோனதன் வைல்டு என்பவர் திருடர்களைப் பிடித்துக் கொடுப்பவராகத் தம்மைக் காட்டிக்கொண்டு, தம் ஆள்கள் திருடிய பொருள்களையே உரியவர்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தந்தார். 1725இல் அவர் தூக்கிலிடப்பட்டார். தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு வழக்கம் இருந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் மாடு திருடுபோனால், இன்னார் மூலம் இவ்வளவு கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கும் என்று செய்தி வரும்; அப்படிக் கொடுக்கும் பணம் ‘துப்புக்கூலி’ எனப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் இவ்வழக்கத்தைக் காட்டியே சில சமூகங்களை முழுவதுமாகக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தியது பெரும் அநீதி. சிலருடைய தொழிலுக்காக ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாகப் பார்த்த குற்றப்பரம்பரைச் சட்டத்தைவிட, செய்த ஆளை மட்டும் தண்டித்த 215ஆம் பிரிவே நேர்மையானது.

நல்லெண்ணத்தோடு எடுத்து வைத்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியில் பினாங்கின் சட்டம் நெடுங்காலம் கடுமையாக இருந்தது. வழிதவறி வந்த நாயைத் தீனி போட்டு வளர்த்தவர், அச்செலவுக்காக அதை நிறுத்திவைக்க முடியாது என்று 1777இல் ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த ஆங்கில மரபே தீவில் நிலவியது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வேறு வழியில் சென்றது. கண்டெடுத்தவர் தம் சிரமத்துக்கும் செலவுக்கும் ஈடு கேட்டு வழக்காட முடியாது என்றாலும், அந்த ஈடு கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளலாம். உரிமையாளர் குறிப்பிட்ட வெகுமதி ஒன்றை அறிவித்திருந்தால் அதற்காக வழக்கும் தொடுக்கலாம் என்று அது வகுத்தது. அதை அடியொற்றிய மலாயாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பினாங்குக்கு விரிவானது 1974இல்தான். ஜப்பானின் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடுவரை கண்டெடுத்தவருக்கு வெகுமதியாக வரையறுத்திருக்கிறது. நேர்மைக்கு ஒரு சிறு கூலியை வெளிப்படையாக எழுதிவைக்கும் சட்டமே, மறைவான பேரத்தைக் குறைக்க வல்லது.

சட்டத்துக்கு வெளியே, இழந்த பொருளைத் தேடிப்போகும் இடமாகச் சந்தையும் இருந்தது. கயிறு திரிக்கும் தெரு என்ற பொருளில் ஜாலான் பிந்தால் தாலி என வழங்கும் தெருவின் பழம்பொருள் கடைகளும், பின்னர் நகர விளையாட்டரங்கின் அருகே லோரோங் கூலிட்டில் காலை நேரங்களில் விரியும் சந்தையும் ‘திருடர் சந்தை’ என்ற பெயரைச் சுமந்தன. அங்கே கடை விரித்தவர்களில் பெரும்பாலோர் பழைய கைக்கடிகாரம், நாணயம், பித்தளைப் பாத்திரம் விற்றுப் பிழைத்த ஏழைகளே ஆதலால், அப்பெயர் அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

மலேசியாவில் கைத்தொலைபேசிச் சேவை 1985இல் தொடங்கியது. ஆயினும் மீட்பின் வரலாற்றைத் திருப்பியவை இரண்டு பிற்காலக் கருவிகளே. ஒன்று, ஒவ்வொரு கருவிக்கும் உரிய 15 இலக்க ‘ஐ.எம்.ஈ.ஐ.’ அடையாள எண். அதைக்கொண்டு தொலைந்த கருவியை வலைப்பின்னல்களில் முடக்கும் பொதுச் சேவையை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2014இல் அறிமுகப்படுத்தியது. மற்றொன்று, ஆப்பிள் 2009இலும் கூகுள் 2013இலும் அளித்த இருப்பிடம் காட்டும் வசதியும், அதனோடு 2013இல் ஐபோனில் இணைந்த பூட்டும். கடவுச்சொல் இல்லாமல் அப்பூட்டைத் திறக்க இயலாது என்பதால், எடுத்தவரின் கையில் கருவி உதிரிப்பாகங்களின் மதிப்புக்குச் சுருங்கிவிடுகிறது. வரலாற்றில் முதன்முறையாகத் தொலைத்தவரால், முன்பின் அறியாத ஒருவரோடு அந்தப் பொருளின் வழியாகவே நேரடியாகப் பேச முடிகிறது.

இடையாள் மறைந்துவிட்டதாகத் தோன்றுவது இங்கேதான். துப்புக்கூலி திரும்பி வந்ததும் இங்கேதான். உங்கள் கருவி கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் கடவுச்சொல்லை இடுங்கள் என்று நிறுவனத்தின் பெயரில் போலியாக வரும் குறுஞ்செய்தி, பழைய மாட்டுப் பேரத்தின் மறு உருவமே. பணத்துக்குப் பதிலாக அது கேட்பது பூட்டின் திறவுகோலை. அதைக் கொடுத்தவர் கருவியோடு தம் வங்கிக் கணக்கையும் இழக்க நேரிடும். வரைபடத்தில் தெரியும் புள்ளியும் முழு விடை ஆகாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் அது எந்த மாடி, எந்த வீடு என்பதைச் சொல்லாது. சுவரோடு சுவர் ஒட்டிய ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் பக்கத்து வீட்டையும் காட்டிவிடும். அந்தப் புள்ளியை மட்டும் நம்பி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பழி சுமத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1867 காட்டியிருக்கிறது.

ஆகவே தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைச் சாலையில் திரளும் கூட்டத்தில் கருவியைத் தவறவிட்டவர், முதலில் காவல் நிலையத்தில் புகார் பதியட்டும். அந்நியர் ஒருவர் அழைப்பை எடுத்துப் பேசினால், அவரைத் திருடராகக் கருதாமல், பலர் நடமாடும் இடத்திலோ காவல் நிலையத்திலோ சந்தித்து, அவர் கேட்காமலே ஒரு வெகுமதியை மனமுவந்து கொடுக்கட்டும். கடவுச்சொல்லை மட்டும் எவருக்கும் கொடுக்கவேண்டாம். கண்டெடுத்தவர் கருவியை அணைக்காமல், வரும் அழைப்பை எடுக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றே ஒவ்வொருவரும் தம் கருவியில் *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தட்டும். புகார் எழுதும் அதிகாரி முதலில் கேட்கக்கூடிய அடையாளம் அதுவே.