நோயாளிக்கு இரண்டு அச்சம்: கல்லடிப் பாலத்துக்கு இப்பால் ஒரு பெருந்தொற்றுக் காலம்

கிளினிக் நாளில் அதிகாலையிலேயே கல்லடிப் பாலம் விழித்துக்கொள்ளும். காத்தான்குடி, மஞ்சந்தொடுவாய், நாவற்குடா, கல்லடி ஆகிய ஊர்களிலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குப் போகும் ஓட்டோக்களில், கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் உம்மாமாரையும் வாப்பாமாரையும் காணலாம். சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய், முட்டு, சிறுநீரக நோய் என்று ஒவ்வொரு கொப்பிக்கும் ஒரு கதை உண்டு. இலங்கையில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உள்ளது. நாட்டில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்கு அளவில் தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. எனவே இது எங்கோ யாருக்கோ உள்ள பிரச்சினை அல்ல. நம் வீட்டு அலுமாரியில் மருந்துப் பையாக இருக்கும் பிரச்சினை.

2020 மார்ச் மாதத்தில் உள்நாட்டில் முதலாவது கொவிட்-19 நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 ஐப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு அமுலானது. மார்ச் 28 அன்று முதலாவது கொவிட் மரணம் பதிவானது. இறந்தவர் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர் என்று அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் அரசாங்கத் தகவல் திணைக்களம் வெளியிட்ட மரண அறிவித்தல்களிலும் கொவிட் நியூமோனியாவுக்குப் பக்கத்தில் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், இருதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. இலங்கையில் இத்தொற்றால் இறந்த 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள்.

ஏன் இவர்களுக்கு ஆபத்து அதிகம்?

நீரிழிவு உள்ளவருக்கு வைரஸ் எளிதில் தொற்றிவிடும் என்பதல்ல இதன் பொருள். தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதே பொருள். இரத்தத்தில் சீனி நீண்ட காலம் உயர்ந்திருந்தால் கிருமியோடு போராடும் வெண்குருதிக் கலங்களின் வலு குறைகிறது. தொற்று வந்ததும் உடல் சுரக்கும் ஹோர்மோன்கள் சீனியை இன்னும் ஏற்றிவிடுகின்றன. கடுமையான கொவிட் நோயாளிகளின் உயிர் காக்கக் கொடுக்கப்பட்ட டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகளும் சீனியை உயர்த்தக்கூடியவை. 2021 இல் இந்தியாவில் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய் பெருமளவில் தாக்கியது கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்களைத்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, கைகழுவுதல், கூட்டம் தவிர்த்தல் ஆகியவை திடகாத்திரமான இளைஞனுக்குத் தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால் அவை முதலில் காப்பாற்றுவது அவனை அல்ல, அதே வீட்டின் உள் அறையில் படுத்திருக்கும் அவனது மூத்தம்மாவை. வெளியில் போய் வருபவர் கட்டுப்பாட்டைக் கைவிட்டால், வீட்டைவிட்டு வெளியே வராத நோயாளியின் கட்டுப்பாட்டால் பயன் இல்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. ஹிஜ்ரி 18 இல் சிரியாப் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீபா உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்தில் தோழர்களுடன் கலந்தாலோசித்துப் பயணத்தை நிறுத்தித் திரும்பினார்கள். தொற்றுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபிவழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் அங்கு எடுத்துரைத்த வரலாறு அனைவரும் அறிந்ததே. 2020 இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஜும்ஆ நிறுத்தப்பட்டு, ரமழானின் இரவுத் தொழுகையை வீடுகளில் தொழுதபோது மனம் வலித்தாலும், உலமாக்களின் வழிகாட்டலை ஏற்றுச் சமூகம் அதைச் செய்தது.

கட்டுப்பாடு மருந்தையும் நிறுத்திவிடக்கூடாது

எனினும் ஊரடங்குக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. பாலத்தைக் கடக்க முடியாவிட்டால் கிளினிக் மருந்து இல்லை. கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது செய்யப்பட்டது. பல ஊர்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் கிராம சேவகர்களும் மருந்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் தபாலில் மாத்திரை வரும், இரத்தப் பரிசோதனை வராது. மாதக்கணக்கில் சீனியும் பிரஷரும் பார்க்கப்படாமல் மருந்தை மட்டும் விழுங்கியவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்யவேண்டிய சிறுநீரக நோயாளிக்கு வீட்டிலிருங்கள் என்ற அறிவுரை பொருந்தவே பொருந்தாது. 2021 இன் தொடக்கத்தில் காத்தான்குடியின் பல பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டிருந்தபோது, அடுத்த கிளினிக்குக்கு எப்படிப் போவது என்பது நீண்டகால நோயாளி இருந்த வீடுகளின் கேள்வியாக இருந்தது.

வதந்திகளும் சேர்ந்துகொண்டன. சில பிரஷர் மருந்துகள் கொவிட்டைக் கூட்டும் என்ற பேச்சு பரவியது. அவற்றை நிறுத்த வேண்டாம் என்றே இருதய வைத்தியர்களின் அமைப்புகள் அறிவுறுத்தின. பின்னர் நடந்த ஆய்வுகளும் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றே காட்டின. முட்டு உள்ளவர்களின் இன்ஹேலரும் அவ்வாறே: நிறுத்துவதுதான் ஆபத்து.

இரண்டாவது அச்சம்

நம் சமூகத்தின் நோயாளிக்கு மற்றவர்களுக்கு இல்லாத இன்னோர் அச்சமும் இருந்தது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் முடியும் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்பே கூறியிருந்தது. விஞ்ஞான ஆதாரம் இல்லாத அந்த விதி சுமார் 10 மாதங்கள் நீடித்தது. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்த ஒரு வயோதிப நோயாளி, வைத்தியசாலைக்குப் போனால் தன் ஜனாஸா எரிக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சினார். குடும்பமும் அஞ்சியது. பரிசோதனையைத் தவிர்த்தவர்கள், கடைசி நேரம்வரை வீட்டிலேயே வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. தாமதத்தால் மிக அதிகம் இழப்பவர் நீண்டகால நோயாளிதான். ஏனெனில் கொவிட்டில் மூச்சுத்திணறல் பெரிதாகத் தெரியாமலேயே ஒட்சிசன் குறைந்துவிடலாம்.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. மார்ச் 5 முதல் நமது மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. ஓராண்டில் அங்கு 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அடக்கப்பட்டன. முஸ்லிம்கள் மட்டுமன்றி ஏனைய சமயத்தவர்களும் அந்த மண்ணில் உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உள்ளது. சுகாதார விதிகளைப் பின்பற்றுங்கள் என்று மக்களிடம் கேட்கும் அரசு, அந்த விதிகள் விஞ்ஞானத்தில் நிற்பதை உறுதிசெய்ய வேண்டும். ஆதாரமற்ற ஒரு விதி, ஆதாரமுள்ள பத்து விதிகளின் மீதான நம்பிக்கையையும் கெடுத்துவிடும். மறுபுறம், அநீதியான விதிக்கு எதிராகப் போராடுவது ஒன்று, முகக்கவசத்தையும் தடுப்பூசியையும் மறுப்பது வேறொன்று. முதலாவது நமது உரிமை. இரண்டாவதற்கு விலை கொடுப்பவர் நம் வீட்டு நோயாளி.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

கொவிட் அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்புளுவென்சா வருகிறது, டெங்கு வருகிறது, இனியொரு பெருந்தொற்றும் வரலாம். நீண்டகால நோயாளி உள்ள வீட்டில் பின்வருவன எப்போதும் தயாராக இருக்கட்டும்:

• குறைந்தது இரண்டு வாரத்துக்கான மருந்து கையிருப்பு. கிளினிக் கொப்பியின் முக்கிய பக்கங்களின் படம் பிள்ளைகளின் கைபேசியில் இருக்க வேண்டும்.

• இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. மின்சாரம் இல்லாவிட்டால் நீர் நனைத்த மண்பானைக்குள், நீர் படாமல் மூடி வைக்கலாம்.

• சீனி பார்க்கும் கருவி, பிரஷர் கருவி, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி. வீட்டுக்கு ஒன்று முடியாவிட்டால் பள்ளிவாசல் நிர்வாகம் மஹல்லாவுக்குச் சில வாங்கி இரவல் கொடுக்கலாம். ஒட்சிசன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

• காய்ச்சல் வந்தால் சாப்பாடு குறைந்துவிட்டது என்று இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது. சீனியை அடிக்கடி பார்த்து, போதிய நீர் அருந்தி, அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் மெட்போமின் போன்ற மாத்திரைகளைத் தொடர்வதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

• வைத்தியர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளைப் பிற்போடக் கூடாது.

• நோன்பு பிடிக்கலாமா என்பதை ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அல்ல.

இன்று கல்லடிப் பாலத்தில் மீண்டும் கிளினிக் ஓட்டோக்கள் ஓடுகின்றன. மஜ்மா நகருக்குப் போகிறவர்கள் கப்றுகளின் முன் நின்று துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பி வந்ததும் வீட்டில் இருக்கும் கிளினிக் கொப்பியை எடுத்து, அடுத்த திகதி எப்போது என்று பார்ப்பதும் நம் கடமைதான்.