பொருத்தியவர்களும் செய்தவர்களும்

இந்திய மோட்டார் தொழிலின் கதையைச் சொல்லுவோர் அம்பாசிடரில் தொடங்கி மாருதிக்குத் தாவிவிடுவது வழக்கம். 1953-இல் எடுக்கப்பட்ட ஒரு முடிவை நாம் அதிகம் பேசுவதில்லை. வண்டியைச் செய்வது வேறு, பொருத்துவது வேறு என்பதை அரசு தன் கொள்கையாக ஏற்றுக்கொண்ட ஆண்டு அது.

அதற்கு முன்பு இங்கே நடந்தது பெரும்பாலும் பொருத்தும் வேலைதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் பட்டறை திறந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று துறைமுக நகரங்களிலும் கடை விரித்தது. எஞ்சினும் அச்சும் சட்டகமும் மரப்பெட்டிகளில் வந்திறங்கும். இங்குள்ள தொழிலாளி அவற்றை முடுக்கி வண்டியாக்குவார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு சக்கரத்துக்கு ஒரு திங்கள் உழைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். அந்தச் சக்கரம்தான் இங்கே செய்யப்படவில்லை.

விடுதலைக்குப் பின் அன்னியச் செலாவணி அருமையான பொருளாயிற்று. 1952-இல் அமைந்த சுங்கவரி ஆணையம் இத்தொழிலை ஆராய்ந்தது. பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் மூன்றாண்டுகளுக்குள் தொழிலை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அரசு அதை ஏற்றது. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் இரண்டும் 1954 வாக்கில் மூட்டை கட்டின. இவ்வளவு சிறிய சந்தைக்காக வார்ப்படச்சாலை வைப்பதா என்று அவர்கள் எண்ணியதைக் கணக்கு நோக்கில் பிழை என்று சொல்லிவிட முடியாது.

தங்கியவர்களுக்குத்தான் சோதனை. சென்னையையே எடுத்துக்கொள்வோம். ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்திக்கொண்டிருந்தது. பிறகு லேலண்டுடன் உடன்பாடு கண்டு கனரக வண்டிகளுக்கு மாறியது; 1955-இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆயிற்று. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு நின்றுவிட்ட அக்காருக்கு இங்கே 1968-இல் நான்கு கதவுகள் வைத்தார்கள். சிறு செயல்தான். ஆனால் பெட்டியைப் பிரித்துப் பொருத்துகிறவனுக்கு இந்தத் துணிவு வராது. பாடியில் 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று சக்கரத்துக்கும் மின்கருவிக்கும் தடைக்கட்டைக்கும் தனித்தனி ஆலைகள் எழுந்தன.

வாங்குவோர் இதற்குக் கொடுத்த விலை பெரிது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததோ பழைய வடிவம். ஆயினும் இந்தப் பழியைப் பாக விதியின்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகப் படவில்லை. எத்தனை வண்டி செய்யலாம், யார் செய்யலாம் என்று அளந்து கொடுத்த உரிமமுறைக்கே அதில் பெரும்பங்கு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 1991-க்கு முந்தைய காலம் முழுவதையும் இருட்டு என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

கார் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றானது 1993-இல். எனினும் பழைய விதி 1997 டிசம்பரில் புது உருவில் திரும்பியது. பிரித்த பாகங்களை இறக்குமதி செய்ய விரும்புவோர் மூன்றாம் ஆண்டுக்குள் 50 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டுக்குள் 70 விழுக்காடும் உள்நாட்டுப் பாகம் சேர்ப்பதாக அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதியும் செய்ய வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் உலக வணிக அமைப்பிடம் முறையிட்டன. 2002 ஏப்ரலில் தீர்ப்பு உறுதியானபோது இந்தியா தோற்றிருந்தது. 1953-இல் நாட்டின் உரிமையாக இருந்தது ஐம்பது ஆண்டுக்குள் வணிகக் குற்றமாகிவிட்டது.

1995-இல் மகிந்திராவோடு கைகோத்துத் திரும்பிய ஃபோர்டு, மறைமலைநகரில் ஆலை நடத்தி, 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக மீண்டும் அறிவித்தது. இம்முறை அதை விரட்டியது விதியன்று, நட்டம். ஜெனரல் மோட்டார்ஸின் கதை வேறு. பாகங்களை இந்தியாவில் செய்வதற்கில்லை என்று போன அந்நிறுவனம், 1990-களின் தொடக்கத்திலேயே தன் வண்டிகளுக்கான ரேடியேட்டர் மூடிகளைச் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸிடம் வாங்கத் தொடங்கியிருந்தது.