வந்து வந்து போகும் வீக்கமும் போகாத வீக்கமும்

மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்தோ பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களிலிருந்தோ நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நோய்) உள்ள பிள்ளையோடு ரயிலேறி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகும் தாய்க்குப் பெரிய பயம், வீக்கம் திரும்ப வருவதுதான். இத்தனை தடவை வந்துவிட்டதே, கிட்னி கெட்டுப்போயிருக்குமோ என்று நினைக்கிறாள். சிறுநீரகத் திசு சொல்லும் கதை வேறு.

அடிக்கடி திரும்புகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திசுவில் இருப்பது மிகச் சிறிய மாற்றம். சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் சரியாகவே தெரியும். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிக்கும் வடிமுடிச்சைச் சுற்றிப் பிடித்திருக்கும் பாதச் செல்களின் கால்கள் தட்டையாகிவிட்டதை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் காட்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தக் கால்கள் பழையபடி எழுகின்றன, புரதம் ஒழுகுவதும் நிற்கிறது. பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலே போதும், மறுபடி ஒழுகும்.

இன்னொரு வகையில் சில முடிச்சுகளில், அவற்றிலும் ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழுகிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு நோய் திரும்புவதே இல்லை, போனால்தானே திரும்புவதற்கு! சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் உண்மையில் இங்குதான் இருக்கிறது. சர்வதேச ஆய்வுக் குழு ஒன்று 1967 முதல் 1974 வரை 521 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல் முதல் வகை, தழும்பு வகை சுமார் 7 விழுக்காடு. ஸ்டீராய்டு கேட்டது முதல் வகையில் நூற்றுக்கு 93 பேருக்கு, தழும்பு வகையில் ஏறக்குறைய 30 பேருக்கு.

ஊசியால் திசுத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியையும் முழுதாக நம்பிவிட முடியாது. தழும்பு பெரும்பாலும் ஆழத்திலுள்ள முடிச்சுகளில் தொடங்குவதால், ஊசி எடுத்த துணுக்கில் அது அகப்படாமல் போகலாம். மேலும், பெரும்பாலோருக்கு மருந்து கேட்டுவிடும் என்பதால், இந்திய மருத்துவர்கள் வழக்கமான அறிகுறிகளுள்ள பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் பயாப்சி செய்வதில்லை. ஆறு வாரம் தினமும் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்து, கேட்காவிட்டால்தான் பயாப்சி. திசுவின் பெயரைவிட மருந்து கேட்டதா என்பதே பிள்ளையின் எதிர்காலத்தை அதிகம் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காகத் திரும்ப வருவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் கிருமி தொற்றலாம், ரத்தம் உறையலாம். ஸ்டீராய்டு மாத்திரை கூடக்கூட உயரம் வளர்வது குறையும். காலையில் சிறுநீரைக் காய்ச்சி, முட்டை வெண்கருபோல் வெளுக்கிறதா என்று பார்த்து நோட்டில் குறித்துவர வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் கெட்டியாக வெளுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீக்கம் இருக்கும்வரை உப்பு மிகுந்த கருவாடு வேண்டாம். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.