மானிப்பாயில் தமிழ் கற்ற மேலை வைத்தியம்

ஆராய்ச்சியாற் கண்ட வைத்திய உண்மை நோயாளியின் பாயருகே வந்து சேர்தல் எளிதன்று. அவ்வழியில் மொழியும் ஒரு பெருந்தடையாதலை யாழ்ப்பாண வரலாறு காட்டும்.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பேணியதோடு மாணவர்க்கு மேலை வைத்தியமுங் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆயின் ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்வாராயினர். கிராமத்திலே தங்கிக் கிராமத்தார்க்கு வைத்தியஞ் செய்வோரை ஆக்கக் கருதிய கிறீன் 1864 முதல் தமிழிற் போதித்தார்.

போதனைக்கு நூல் வேண்டுமன்றோ? ‘இரண வைத்தியம்’ 1867 இல் வெளிவந்தது. 1858 இல் இலண்டனிற் பிறந்த கிறேயின் உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளில், 1872 இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. தமிழில் வழங்குஞ் சொல்லை முதலில் தேடுதல். அஃதில்வழி வடசொல்லை நாடுதல். அதுவும் இல்லாவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்தல் என்பது அவர் கொண்ட முறை.

கிறீன் 1873 இல் தாயகம் மீண்டார். அவர்பாற் பயின்றோர் அறுபதின்மருக்கும் மேலாவர். இன்று யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் உண்டு. ஆயினும் அங்குப் போதனாமொழி ஆங்கிலமே. கற்ற புதுமையை நோயாளிக்கு அவன் மொழியில் விளக்குஞ் சொல்லைத் தேடுங் கடமை, கிறீன் விட்ட இடத்திலேயே நம்மை எதிர்நோக்கி நிற்கின்றது.